குளவிக்குப் பயந்த ஓட்டு

ராசப்பன் ஒன்று சொன்னால் மலைமேல் திண்ணனூர் நாட்டில் அந்தச் சின்ன ஊர் காது கொடுத்துக் கேட்கும். வசதிக்காரன் என்பதால் இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு துண்டு மரவள்ளிக்காடு, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, அதன் நிழலில் கொஞ்சம் காப்பிச்செடி, செடிகளுக்கு நடுவே கால் நட்டு நிறுத்திய தேன்பெட்டிகள், அவ்வளவுதான். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசமாட்டான் என்று ஊருக்குள் ஒரு பேர் இருந்தது. அட, அந்தப் பேர் மட்டும் இல்லாமல் போயிருக்கக் கூடாதா! அவன் கத்தியதை யாரும் சட்டை பண்ணியிருக்கமாட்டார்கள், இன்றைக்கு அவனும் இப்படித் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டான்.

அந்த வருசம் மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வந்திருந்தது. கொழுந்தெல்லாம் மாவைக் கொட்டிவைத்தது போல வெள்ளை பூத்து, முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் மொத்தம்கூடத் தேறவில்லை. மலையில் பாதிச் சனத்துக்கு அதுதான் சோறு, அதுதான் காசு. பார்க்கிறவர்களெல்லாம் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஊராட்சித் தலைவர் செத்துப்போனார், மாசியில் இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது.

நின்றது ரெண்டு பேர். ஒருத்தன் யுவராஜ், செம்மேட்டில் உரக்கடை வைத்திருப்பவன். சிரித்த முகம், யாரைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான், கெட்டவன் என்று வாய்கூசாமல் சொல்லிவிட முடியாது. அவனுக்கு ஆட்டோ சின்னம். ஆட்டோவே ஏறாத மலையில் ஆட்டோவுக்கு ஓட்டா என்று ஊரே கேலி பண்ணியது. இன்னொருத்தி கோகிலா. ராசப்பனின் பங்காளி அர்த்தனாரியின் பெண்டாட்டி, மகளிர் குழுவுக்குத் தலைவி. அவளுக்குப் பூட்டுச்சாவி. அவள் ராசப்பனை மாமா என்பாள், அவன் அவளை அம்முணி என்பான். தேன் எடுக்கும் நாளில் கூப்பிடாமலே வந்து தேனடை ராட்டைப் பிடித்துக் கொடுப்பவள் அவள். அவளுக்குத்தான் ஓட்டு என்று ராசப்பன் மனசுக்குள் எப்போதோ முடிவு பண்ணிவிட்டான்.

பிறகு அவள் மாரியம்மன் கோயில் வாசலில் ஓட்டுக்கேட்டு நின்றாள்.

"நான் செயிச்சா மொதல் வேலை மாவுப்பூச்சிக்குத்தானுங்க. மருந்தே வேண்டாம். அதைக் கொல்றதுக்குன்னே ஒரு குளவி இருக்குதுங்க. கீழ ட்ரெய்னிங் போனப்ப எங்கண்ணால பாத்துட்டு வந்தேன். அதை ஆயிரக்கணக்குல கொண்டாந்து நம்ம காடு பூரா விட்டுரலாமுங்க."

கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. அவளுக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். பூட்டுச்சாவியைத் தூக்கிக் காட்டிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆயிரக்கணக்கில் குளவியா! கூட்டத்தில் நின்றிருந்த ராசப்பன் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான். இந்த மலையில் குளவி என்றால் கதண்டுதான். கட்டைவிரல் தண்டி, மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு, மோட்டார் மாதிரி இரைந்துகொண்டு வருமே, அது. போன ஐப்பசியில் அது அவன் பெட்டிகளுக்கு வந்தது. பெட்டி வாசலில் அப்படியே அந்தரத்தில் நின்று, வெளியே வருகிற தேனீயைக் கவ்வும். கவ்வித் தலையைக் கடித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகும். பழைய பேட்மிண்டன் மட்டையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடித்தான். சாப்பிடக் கூட எழுந்து போகவில்லை, பெண்டாட்டி பாப்பாத்திதான் சோற்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அப்படியும் ரெண்டு பெட்டி காலியாகிவிட்டது. ஊர்க்காரன் சின்னுசாமி கதையைச் சொல்லவே வேண்டாம். மிளகு பறிக்க மரம் ஏறியவன் கதண்டுக் கூட்டில் கைவைத்து, கீழே விழுந்து, முகம் பூசணிக்காயாக வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அவனுக்கு இன்னமும் ஒரு காது சரியாகக் கேட்காது.

"இந்தப் புள்ளைக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சுருச்சா?" என்று வீட்டுக்கு வந்து கத்தினான் ராசப்பன்.

பாப்பாத்தி அடுப்பைவிட்டு நகராமல் சொன்னாள்: "ஏனுங்க, நம்ம தேன் ஈ மேல உசுரா இருக்கற புள்ள அது. தெரியாமயா சொல்லும்? ஒரெட்டுப் போயி என்னன்னு கேட்டுப்போட்டு வாங்களே."

"கதண்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறாளாமா? கேக்கறதுக்கு என்ன கெடக்குது?"

போகவில்லை. அர்த்தனாரி வீடு கூப்பிடுகிற தூரம், எட்டி நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். போகவில்லையே! அவன் போனது டீக்கடைக்கு.

டீக்கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். ராசப்பன் யாரையும் திட்டவில்லை, கோகிலாவைக் குறைத்து ஒரு சொல் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினான். அதுதான் எடுபட்டது.

"கோகிலா நல்ல புள்ளதான். ஆனா ஈ வளக்கறவன் சொல்றேன், கேட்டுக்கங்க. குளவியைக் கொண்டாந்து விட்டா மொதல்ல எம்பட ஈ போகும். ஈ தீந்தப்பறம் அது சும்மா இருக்குமா? புள்ளைங்க பள்ளிக்கூடம் போற தடம் அது."

அந்தக் கடைசிப் பேச்சை அவன் நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சின்னுசாமி எழுந்து தன் காதைத் திருப்பிக் காட்டினான். போதாதா? சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே கோகிலாவுக்குக் குளவிக்காரி என்று பேர் விழுந்துவிட்டது. யுவராஜுக்குச் சும்மா கிடைத்த சர்க்கரை. "எனக்குக் குளவியும் தெரியாது, கிளவியும் தெரியாதுங்க. டிரோன் மெஷினை வரவெச்சு, ஒரே நாள்ல ஊர் பூராக் காட்டுக்கும் இலவசமா மருந்தடிச்சுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே போனான். ராசப்பன் வீட்டுக்குத் தனியாக வந்து, "அடிக்கறதுக்கு முன்னால உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் அடிப்பேனுங்கண்ணா" என்று வாக்கும் கொடுத்தான்.

ராசப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. மருந்தடிக்கிற அன்றைக்குப் பெட்டி வாயை அடைத்து ஈரச்சாக்குப் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. கதண்டை அப்படி மூடி நிறுத்த முடியுமா?

இதுவரைக்கும் அவன் ஓட்டுப் போட்டதெல்லாம் சொந்தபந்தம் பார்த்து, பங்காளி முகம் பார்த்து. மரம் மட்டை, பூச்சி பொட்டு என்று நினைத்துப் பார்த்து ஒரு நாளும் போட்டதில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக, பங்காளி பெண்டாட்டி என்றும் பாராமல், வாயில்லாத சீவன்களுக்காகப் போடுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஆட்டோவில் முத்திரையைக் குத்தினான். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! பள்ளிக்கூடத்து வாசலில் கோகிலா நின்றிருந்தாள். "வாங்க மாமா" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

செம்மேட்டில் ஓட்டு எண்ணினார்கள். கோகிலா தோற்றாள். ஒரு மினிபஸ்ஸில் ஏறுகிற சனம் மாற்றிக் குத்தியிருந்தால் ஜெயித்திருப்பாள்.

பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தது. மழை பெய்து ஒரு வாரம் கழித்துக் காப்பி பூத்தது. காப்பி பூத்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காடே மல்லிகைப்பந்தலாக மணக்கும், விடிந்தால் தேனீ இரைச்சல்தான். யுவராஜ் சொன்ன சொல் தவறவில்லை. முதல்நாளே ஆளனுப்பிவிட்டான். ராசப்பன் எல்லாப் பெட்டியையும் அடைத்து ஈரச்சாக்குப் போட்டான். டிரோன் வந்து மரவள்ளிக்காட்டின் மேல் இப்படியும் அப்படியும் போய்வந்தது. காற்று கொஞ்சம் இருந்தது, வெள்ளைப்புகை போல மருந்து நகர்ந்து காப்பிக்குள் இறங்கியதை அவனே வாசலில் நின்று பார்த்தான். பெட்டிதான் மூடியிருக்கிறதே என்று பேசாமல் இருந்தான்.

மறுநாள் காலையில் வெயில் ஏறியதும் பெட்டி வாயைத் திறந்துவிட்டான். தன் கையாலேயே, ஒவ்வொன்றாக. ஒரு நாள் பூராவும் அடைந்து கிடந்த பசியில் தேனீக்கள் முட்டிமோதிக்கொண்டு பூவுக்குப் பறந்தன. "போங்க சாமி, போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

மருந்து பூவிலேயே இருந்தது. அது ஒரு நாளில் போகாது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பெட்டி வாசலில் வந்து விழ ஆரம்பித்தன. மல்லாந்து விழுந்து, காலை உதறி, விழுந்த இடத்திலேயே சுற்றின. நாக்கை நீட்டிக்கொண்டு செத்தன. சிலது பெட்டி வரைக்கும் நடந்து வந்துவிட்டு வாசல் தெரியாமல் திரும்பி நடந்தன. ராசப்பன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தான். சர்க்கரைத் தண்ணி கரைத்துக்கொண்டு ஓடினான். பாப்பாத்தி பெட்டி ஓரமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ரெண்டு நாள், மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் மூடியைத் திறந்தால் அடையில் புழு பசியில் காய்ந்து கிடந்தது, ஊட்டிவிட ஆளில்லை. கடைசியில் மேட்டோரம் இருந்த ஒரே ஒரு பெட்டியில் மட்டும் ராணியும் கொஞ்சம் ஈயும் மிஞ்சின.

அடக் கெரகமே, கெரகமே என்று வாய்விட்டு அழுதான். ஆம்பளை அழலாமா என்றெல்லாம் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கோகிலாவும் வந்தாள். அவள் வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. காலிப் பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் பஞ்சு அடைத்த சின்னக் கண்ணாடிக்குழாய் ஒன்று இருந்தது.

"இதென்ன அம்முணி?"

"குளவிங்க மாமா. எங்க காட்டுல மட்டுமாச்சும் விட்டுப் பாக்கலாம்னு கீழ போயி வாங்கிட்டு வந்தேன்."

ராசப்பன் சட்டென்று பின்னால் நகர்ந்தான். பிறகு கூர்ந்து பார்த்தான். குழாய்க்குள் ஒன்றும் இல்லை.

"எங்க இருக்குது?"

"நல்லாப் பாருங்க."

மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். குழாயின் ஓரத்தில் ஏதோ தூசி நகர்ந்தது. எள்ளில் பாதி இருக்குமா? அதுகூட இருக்காது. எறும்பே அதைவிடப் பெருசு. ரெண்டு சின்னக் கொம்பை ஆட்டிக்கொண்டு மெதுவாக மேலே ஏறியது.

"இதுவா?" என்றான். "இதுவா அம்முணி குளவி?"

"அதோட பேரே அப்படித்தானுங்க. கடிக்காது, கொட்டாது. மாவுப்பூச்சி வகுத்துக்குள்ள முட்டை போட்டுரும், பொரியற புழு உள்ளருந்தே தின்னு தீத்துப்போடும். தேனீ இருக்கற பக்கமே போகாது." குழாயை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எவ்வளவு பெருசுன்னு நான் சொல்லியிருக்கோணும். எனக்குத் தோணவே இல்லீங்க மாமா. நாந்தான் பாத்துட்டனே, எல்லாத்துக்கும் தெரியும்ங்கற மாதிரியே பேசிப்போட்டேன்."

அவள் ஒரு வசவு வைதிருந்தால் தேவலை என்று இருந்தது ராசப்பனுக்கு.

"மருந்தடிச்சா உங்க ஈ தாங்காதுன்னுதான் நான் இந்தக் குளவிப் பேச்சையே எடுத்தேன். ஊரே குளவிக்காரின்னுச்சு, அதுக்குக்கூட சிரிச்சுட்டேன். மொதல்ல சொன்னது நீங்கன்னு தெரிஞ்சப்பத்தானுங்க அழுதேன்."

"நான் ஒரு வார்த்தை உங்கிட்ட வந்து கேட்டிருக்கோணும்" என்றான். பாப்பாத்தி உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு சொல் கேட்கவில்லை, அதுவும் அவனுக்குக் குத்தியது.

கோகிலா எழுந்தாள். "மே ஒண்ணாந்தேதி கிராம சபைங்க. மறுக்காவும் மருந்தடிக்கறதுக்குத் தீர்மானம் போடறாங்களாம். அடிச்சா உங்க கடைசிப் பொட்டியும் போகும், இந்தக் குளவியும் செத்துப்போகும். நான் சொன்னா எடுபடாதுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ராசப்பன் அந்த மாசத்தைத் தள்ளினான். நாம் சொன்னால் கேட்பார்கள். நாம்தானே கெடுத்தோம், நாமே நேராக்கிவிடலாம். மிஞ்சிய பெட்டியைத் தினமும் போய்ப் பார்த்தான், சர்க்கரைத் தண்ணி வைத்தான். மெல்ல மெல்ல அதில் ஈ கூடியது. கிராம சபையில் என்ன பேசவேண்டும் என்று மிளகுக்கொடிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டான்.

மே ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்துத் திடலில் சனம் கூடியது. மரவள்ளி கொஞ்சம் தெளிந்திருந்தது, எல்லார் முகத்திலும் அந்தத் தெம்பு. இன்னொருதரம் அடித்தால் பூச்சி அடியோடு போய்விடும் என்று யுவராஜ் தீர்மானத்தைப் படித்தான். "யாராச்சும் ஏதாச்சும் சொல்றதுன்னாச் சொல்லலாமுங்க" என்றான். ராசப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"மருந்து வேண்டாமுங்க" என்றான். "எம்பட ஈயெல்லாம் செத்துப்போச்சு. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். கோகிலா சொன்ன குளவி கதண்டு இல்லீங்க, அது எள்ளுல பாதிதான் இருக்கும். கொட்டாது. நான் பாக்காமப் பேசிட்டேன்."

கூட்டம் அவனைப் பாவமாகப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, "ஈ போன வெசனத்துல பேசறாப்ல" என்று மெதுவாகச் சொன்னது மைக் வரைக்கும் கேட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பொம்பளை எழுந்தாள். சண்டைக்கு வரவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்: "புள்ளைங்க போற தடம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க அண்ணா? எள்ளு தண்டியா இருந்தா கண்ணுக்கே தெரியாதே, புள்ளையக் கடிச்சா என்ன பண்றதுங்க?"

"அது கடிக்காதும்மா."

"குளவி கடிக்காதுங்களா?"

கூட்டம் சிரித்தது. சின்னுசாமியும் தன் காதைத் தடவிக்கொண்டு சிரித்தான். ராசப்பன் சுற்றிலும் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகம். அன்றைக்கு டீக்கடையில் அவன் பேச்சை அப்படியே நம்பிய முகங்கள், இன்றைக்கும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தன. அவன் ஊட்டிய பயம் அவனைவிடப் பெரிய ஆளாகிவிட்டது. கோகிலா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உக்காரு குளவிக்காரி" என்று ஒரு குரல் வந்தது, மறுபடியும் சிரிப்பு.

யுவராஜ் மைக்கை வாங்கிக்கொண்டான். "யாரும் சிரிக்காதீங்க. அண்ணனுக்குப் பெரிய நஷ்டம். ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்கு அண்ணன் மட்டும் வாயத் தொறக்கலீன்னா இன்னைக்கு நம்ம காடு பூராக் குளவியா இருந்திருக்கும். தன்னோட ஈ போனாலும் போகுதுன்னு நம்ம புள்ளைகளக் காப்பாத்துனவரு. அவருக்கு ஊர் சார்பா ஒரு மரியாதை பண்ணோணும்." விருந்தாளி அதிகாரிக்கென்று வாங்கி வைத்திருந்த பச்சைக்கரைத் துண்டை உதறி எடுத்து ராசப்பன் தோளில் போட்டான். மனசாரத்தான் போட்டான், அதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

கை தட்டினார்கள். எல்லாரும், குழந்தை வைத்திருந்த பொம்பளையும்கூட. ராசப்பன் துண்டை எடுத்துக் கீழே எறிந்திருக்கலாம். எறியவில்லை. கை தானாகக் கும்பிட்டது. கை தட்டி ஓய்வதற்குள் தீர்மானமும் நிறைவேறிவிட்டது, வியாழக்கிழமை டிரோன் வரும் என்று சொல்லிவிட்டார்கள். கோகிலா அவனைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பாத்தி ஓடிவந்தாள். "என்னங்க ஆச்சு? கேட்டாங்களா?" பிறகுதான் தோளைப் பார்த்தாள். புதுத்துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது. "இதேது துண்டு? ஏனுங்க, என்ன இது?"

ராசப்பன் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"எம்பட ஈக்கு ஊர்க்காரங்க போட்ட கோடித்துணி" என்றான்.